பெயிண்ட் அப்புறம் அடிக்கலாம்!

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற சக்கர வீடு உண்டு. பெயர் கேம்பர் ட்ரெய்லர். பழசை வாங்கிச் சரிசெய்து குடும்பத்தோடு ஊர் சுற்றுவார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஆனால் வாங்கினதும் பெயிண்ட், திரைச்சீலைன்னு ஆரம்பிப்பது தப்பு என்பேன்.

கூரை ஒழுகினால் சுவருக்குள் இருக்கும் மரச்சட்டம் வெளியே தெரியாமல் மக்கிப்போகும். அதன்மேல் பெயிண்ட் எதுக்கு? முதலில் கூரை, பிரேக், சக்கர பேரிங்.

டயர்தான் பெரிய ஏமாற்றுக்காரன்! ஓடாமல் நின்ற வண்டியில் பட்டன் தேயாது, ரப்பர் கெட்டிருக்கும். வேகத்தில் வெடித்தால்? முன்னால் காரில் இருப்பது குழந்தைகள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் செய்தது. நம்ம ஊர் டயரிலும் உண்டு. இன்னிக்கே அப்பா வண்டியில் பாருங்க. சில டயரில் ஒரு பக்கம்தான் இருக்கும், குனிஞ்சு தேடணும்!