செபமாலையும் பிறேக்கும்



2024ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆம் திகதி மாலை திருச்சிராப்பள்ளியில் இருந்து சார்ஜா நோக்கி 141 பயணிகளோடு புறப்பட்ட எயர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தைப் பற்றிய செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். மேலெழுந்த சிறிது நேரத்திலேயே அதன் ஹைட்ரோலிக் அமைப்பில் பழுது ஏற்பட்டிருப்பதை விமானிகள் அறிந்தனர். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அவ்விமானம் வானிலே வட்டமிட்டது. கீழே நோயாளர் காவு வண்டிகளும் தீயணைப்பு வண்டிகளும் காத்து நின்றன. இரவு எட்டு மணிக்குப் பின்னர் அது பத்திரமாகத் தரையிறங்கியது. எவருக்கும் காயமில்லை.

திருச்சி நமக்கு அந்நிய நகரன்று. போர்க்காலத்தில் எம்மவர் பலர் அடைக்கலம் தேடிய ஊர் அது. அங்கிருந்து பலாலிக்கு நேரடி விமானச் சேவை 2025 மார்ச் 30ஆம் திகதி ஆரம்பித்தது. ஆகவே அன்றைய செய்தியை அயல்வீட்டுச் செய்தியாகவே நாம் கேட்டோம். செபமாலை மாதத்திலே நிகழ்ந்தமையால், 'மாதா காப்பாற்றினா' என்று நன்றி சொன்ன உள்ளங்களும் உண்டு. அந்த நன்றி நியாயமானதே. ஆயினும், இறைவன் அங்கே எவ்வாறு செயலாற்றினார் என்பதை நாம் சற்று ஆழ்ந்து நோக்குவது நல்லது.

விமானத்தின் சக்கரங்களை உள்ளிழுப்பதும், இறக்கைத் தகடுகளை விரிப்பதும், தரையைத் தொட்டபின் பிறேக்கை அழுத்துவதும் குழாய்களில் உயர் அழுத்தத்தில் நிற்கும் எண்ணெயின் வலிமையாலேயே நிகழ்கின்றன. அந்த அழுத்தம் குறையுமாயின், ஓடிவரும் விமானம் ஓடுபாதைக்குள்ளேயே நிற்குமா என்ற ஐயம் எழுகின்றது. இதனால் இவ்வகை விமானத்தைச் சமைத்தவர்கள் ஓர் அமைப்பை மாத்திரம் நம்பவில்லை. ஒன்று பழுதுபட்டால் மற்றொன்று பிறேக்குக்கு வலிமை கொடுக்கும். அதுவும் போனால், சேமித்து வைத்த அழுத்தம் சிலமுறை உதவும். பாரம் கூடினால் நிறுத்துவது கடினம். வேகம் இருமடங்கானால், நிறுத்துவதற்கு அடக்கவேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். போயிங் 737 விமானத்துக்கு எரிபொருளை வானிலே கொட்டிவிடும் வசதி கிடையாது. ஆதலால் பறந்து பறந்தே எரிபொருளை எரித்து, பாரத்தைக் குறைத்து, பொறுமையோடு இறங்கினார்கள். நாம் பதைபதைத்த அந்த இரண்டு மணி நேரமும், விமானிகள் தாம் கற்ற பாடத்தை ஒழுங்காக நிறைவேற்றிய நேரமாகும்.

திருவிவிலியத்தில் இதற்கு இணையான ஒரு பயணம் உண்டு. திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரத்தை இன்றிரவு குடும்பமாக அமர்ந்து வாசியுங்கள். புனித பவுல் கைதியாக உரோமைக்குக் கொண்டு செல்லப்படுகின்றார். கப்பலில் 276 பேர். பெரும்புயல் வீசுகின்றது. ஒருவருடைய உயிருக்கும் சேதம் வராது என்று வானதூதர் வழியாக ஆண்டவர் வாக்களிக்கின்றார். ஆனால் வாக்குறுதி கிடைத்தபின் எவரும் கைகட்டி இருக்கவில்லை. மாலுமிகள் கடலின் ஆழத்தை அளந்தார்கள்; நங்கூரங்களை இறக்கினார்கள்; கப்பலின் பாரம் குறையும்படி கோதுமையையும் கடலிலே எறிந்தார்கள். மாலுமிகள் சிலர் படகில் தப்பியோட முயன்றபோது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பமுடியாது என்று பவுலே நூற்றுவர் தலைவரை எச்சரித்தார். கடவுளின் வாக்கை நேரடியாகப் பெற்றவரே மாலுமியின் கைகள் தேவை என்று சொல்லியிருக்க, அவற்றை வேண்டாமென்று சொல்ல நாம் யார்? அருள் இயற்கையை அழிப்பதில்லை, அதை நிறைவுறச் செய்கின்றது என்பது திருச்சபையின் தொன்மையான போதனை.

இதற்கு மறுபுறமான நிகழ்வையும் நாம் மறைக்கலாகாது. 2010 மே 22ஆம் திகதி துபாயில் இருந்து மங்களூர் வந்த விமானம் மிக உயரத்தில் இருந்து விரைந்து இறங்கியது. உதவி விமானி, இறங்காது மீண்டும் மேலே எழும்பும்படி மூன்று முறை கூறினார். தலைமை விமானி செவிசாய்க்கவில்லை. ஓடுபாதையின் பெரும்பகுதியைக் கடந்த பின்னரே சக்கரங்கள் தரையைத் தொட்டன. மலையுச்சியில் அமைந்த அந்த ஓடுபாதைக்கு அப்பால் பள்ளத்தாக்கு. 166 பேரில் 158 பேர் மாண்டனர். நிற்பதற்கு இடம் மிஞ்சாதபோது நல்ல பிறேக்கும் உதவாது. பவுலின் கப்பலிலும் முதலில் நடந்தது இதுவே. பயணத்தைத் தொடரவேண்டாம் என்று அவர் சொன்னதை ஆரம்பத்தில் எவரும் பொருட்படுத்தவில்லை.

மங்களூர் விமானத்தில் செபித்தவர்கள் இருக்கவில்லையா? இக்கேள்வியை எழுப்பும்போது நமது நெஞ்சிலே இன்னொரு காயம் திறக்கின்றது. 1995 யூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது விமானத்தில் இருந்து குண்டுகள் வீசப்பட்டன. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் செபத்திலே குறைந்தவர்களா? சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளல்லர் என்று இயேசு தெளிவாக உரைத்தார். 'நாங்கள் செபித்தோம், அதனால் தப்பினோம்' என்று எண்ணாது பேசுகின்றபோது, பிள்ளையை இழந்த ஒரு தாய் அருகில் இருந்து அதைக் கேட்கின்றாள் என்பதை மறவாதிருப்போம். தப்பியவர்களோடு இருந்த அதே இறைவன் மாண்டவர்களோடும் இருந்தார். அவருடைய மகனும் சிலுவையில் இருந்து இறங்கவில்லை.

ஆகவே நன்றி கூறுவோம். ஆனால் விசுவாசத்தை அசட்டைக்குப் போர்வையாக்காதிருப்போம். கோவிலின் உச்சியில் இருந்து குதிக்கும்படி அலகை இயேசுவைத் தூண்டியபோது, அதுவும் ஒரு திருப்பாடலையே காட்டித் தூண்டியது. வானதூதர் தாங்குவர் என்பது உண்மை வாக்கே. ஆயினும் வீணாகக் குதிப்பது கடவுளைச் சோதிப்பதாகும் என்று இயேசு மறுத்துவிட்டார். நமது வீதிகளில் நாளாந்தம் காண்பது என்ன? புதிதாக வாங்கிய வாகனத்தை மந்திரிப்பதற்கு ஆலயத்துக்குக் கொண்டு வருகின்றோம். கண்ணாடியில் செபமாலையைத் தொங்கவிடுகின்றோம். இவை நல்ல பழக்கங்கள். ஆனால் தேய்ந்த பிறேக்கை மாற்றுவதற்கு அடுத்த மாதம் பார்ப்போம் என்கின்றோம். ஒரு மோட்டார் சைக்கிளில் நால்வரை ஏற்றுகின்றோம். மதுவருந்திய பின்னும் திறப்பை எடுக்கின்றோம். பின்னால் இருக்கும் மனைவியோ மகளோ "மெதுவாய்ப் போங்கோ" என்றால் சினக்கின்றோம். அந்தக் குரல் உதவி விமானியின் குரல் என்பதை உணர்கின்றோமா? வானதூதரை எதிர்பார்த்திருக்கின்ற நமக்கு, அவர் பின்னிருக்கையில் இருந்து பேசுவது கேட்பதில்லை.

அன்பான குடும்பத் தலைவர்களே, வாகனத்தில் தொங்கும் செபமாலை உங்கள் அசட்டைக்கு வழங்கப்பட்ட காப்புறுதியன்று. அது உங்கள் கைகளுக்கு விடுக்கப்பட்ட அழைப்பு. நீங்கள் ஏற்றிச் செல்கின்ற உயிர்கள் இறைவனுக்கு உரியவை. அவற்றை அவர் உங்கள் பொறுப்பிலே விட்டிருக்கின்றார். இந்த வாரம் உங்கள் வாகனத்தின் பிறேக்கைத் தகுந்தவரிடம் காட்டிச் சோதியுங்கள். அதுவும் ஒரு பக்தி முயற்சியே. பின்னர் குடும்பமாக முழந்தாளிட்டு, வானிலும் கடலிலும் வீதியிலும் பிறருடைய உயிரைக் கையிலே ஏந்திச் செல்லும் அனைவருக்காகவும், வீடு திரும்பாது போனவர்களுக்காகவும் ஒரு மணி செபமாலையேனும் சொல்லுங்கள்.

புயலிலே பவுலோடு இருந்த ஆண்டவர், உங்கள் பயணங்களிலும் உங்களோடு இருப்பாராக.