சின்ன லேப்டாப்பும் 7200 மோகமும்

செகண்ட் ஹேண்டில் ஒரு திங்க்பேட் எக்ஸ்220 வாங்கியவர் அடுத்து கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "இதுல 7200 ஹார்ட் டிஸ்க் போட்டா வேகமா ஓடுமா?" கடைக்காரரும் "சூப்பரா ஓடும்" என்று தலையாட்டுவார். அவரிடம் பழைய 7200 ஒன்று விற்காமல் கிடக்கிறது, பாவம்.

ஓடும்தான். எவ்வளவு என்பதில்தான் வில்லங்கம்.

நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் தட்டுக்கு ஒரு சுற்றுக்கு 11.1 மில்லி விநாடி ஆகும். தேவையான இடம் படிக்கும் முனைக்கு அடியில் வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.6. இதுவே 7200ல் 4.2. ஆக மிச்சம் 1.4 மில்லி விநாடி! அந்த முனை சரியான தடத்துக்கு நகரவே லேப்டாப் டிஸ்கில் பொதுவாகப் பத்துக்கு மேல் ஆகும். பெரிய சினிமா கோப்பை நகலெடுத்தால் 7200ன் வித்தியாசம் தெரியும். ஆனால் விண்டோஸ் எழும்போதும் டேலி திறக்கும்போதும் நடப்பது வேறு. சின்னச் சின்னத் துண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கப்படும். ஒவ்வொன்றுக்கும் இந்த அலைச்சல். எஸ்எஸ்டியில் சுற்றும் இல்லை, முனையும் இல்லை. சுமார் 0.1 மில்லி விநாடியில் வேலை முடிந்துவிடும்.

வாய்ப்புச் செலவு என்று பி.காம் பரீட்சையில் இரண்டு மார்க்குக்கு எழுதுவது இதைத்தான். 7200க்குக் கொடுத்த பணம் எஸ்எஸ்டிக்குக் கிடையாது.

அதற்காக அட்டையில் பெரிய எண் போட்டதைத் தேடி ஓடவும் வேண்டாம். 2011ல் வந்த இந்த மாடலின் சாட்டா, விநாடிக்கு 600 எம்பிக்கு மேல் தராது. சாதாரண 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போதும். என்விஎம்இ வாங்கி வந்தால் அந்த இடத்தில் மாட்டவே முடியாது. தடிமனையும் பார்க்க வேண்டும்: எக்ஸ்220ல் 7 மிமீதான் நுழையும், 9.5 மிமீ டிஸ்க் ஓசியில் கிடைத்தாலும் உதவாது. மாட்டுவது சுலபம். ஒரே ஒரு திருகு, மூடியை எடுத்து நாடாவைப் பிடித்து இழுத்தால் பழையது வெளியே வந்துவிடும். அதைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டைகளைப் புதியதற்கு மாற்ற மறக்கக் கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் பழைய டிஸ்க் நல்லது. சாகும் முன் பல நேரம் கடகடவென்று முனகியாவது காட்டும். எஸ்எஸ்டி சத்தமே போடாமல் போய்ச் சேரும், புராஜெக்ட் ரிப்போர்ட்டையும் சேர்த்து. கழற்றிய டிஸ்க் இன்னும் நல்ல நிலையில் இருந்தால் ஒரு யூஎஸ்பி உறைக்குள் போட்டு, வாரம் ஒருமுறை ரிப்போர்ட்டை அதில் நகலெடுத்து வைக்கலாம். உறை விலை சொற்பம்தான்.