நரம்பியல் டாக்டர் எத்தனை பேர் வேணும்? அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக்கு ஒரு கணக்கு

திருச்சுழி பக்கத்து கிராமம் ஒன்றில் விடியற்காலையில் ஒருவருக்கு வாய் கோணி, கை தூக்க முடியாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ரத்தக்கட்டியால் வந்த பக்கவாதம் என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அருப்புக்கோட்டையில் இருந்தே மதுரை சுமார் 50 கி.மீ. "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று வீட்டில் போகும் நேரம் தனி.

அப்போ இந்தப் பகுதிக்கு எத்தனை நரம்பியல் மருத்துவர்கள் தேவை?

எளிய வழி, மக்கள்தொகையை வைத்துப் போடும் கணக்கு. 2011 கணக்கெடுப்புப்படி விருதுநகர் மாவட்டத்தில் 19.42 லட்சம் பேர். உலக சுகாதார நிறுவனத்தின் 2017 அறிக்கையில், பணக்கார நாடுகளில் லட்சம் பேருக்கு 4.75 நரம்பியல் மருத்துவர்கள். ஏழை நாடுகளில் 0.03. முதல் அளவுகோலில் மாவட்டத்துக்கு 92 பேர் வேண்டும். இரண்டாவதில் ஒருத்தர்கூட முழுசா வரமாட்டார்! இப்படி விகிதத்தை மட்டும் வைத்துத் திட்டம் போட முடியாது.

நோயில் இருந்து தொடங்கினால் கணக்கு கொஞ்சம் பிடிபடும். ஆயிரத்தில் 5 பேருக்கு வலிப்பு நோய் என்று எடுத்தால் மாவட்டத்தில் சுமார் 9,700 பேர். ஆளுக்கு வருஷத்துக்கு இரண்டு முறை வந்தால் 19,400 சந்திப்புகள். ஒரு டாக்டர் தினம் 30 பேர் வீதம் 250 நாள் பார்த்தால் 7,500. ஆக, வலிப்புக்கு மட்டுமே கிட்டத்தட்ட 3 டாக்டர்கள். பக்கவாதம், பார்க்கின்சன், மறதி நோய் எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை.

அவை கூடத்தான் போகின்றன. தமிழகத்தில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2021-ல் 13.6%, 2031-ல் 18.2% ஆவார்கள் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. பிழைப்புக்காகப் பிள்ளைகள் வெளியூர் போய்விடும் இந்த வானம் பார்த்த பூமியில், ஊரில் மிஞ்சுவது பெரும்பாலும் பெரியவர்கள்தான்.

டாக்டரை உடனே உருவாக்கவும் முடியாது. எம்.பி.பி.எஸ். ஐந்தரை, எம்.டி. மூன்று, டி.எம். மூன்று: மொத்தம் பதினொன்றரை ஆண்டுகள். விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது பெரிய விஷயம்தான். ஆனால் எம்.பி.பி.எஸ். கல்லூரி நடத்த நரம்பியல் துறை கட்டாயம் இல்லை என்பது பலருக்குத் தெரியாது.

இடைக்கால வழி இருக்கிறது. இமாச்சலப் பிரதேசத்தில் 2014 முதல், மாவட்ட மருத்துவமனை டாக்டர்கள் போனில் நரம்பியல் நிபுணரின் ஆலோசனை கேட்டு இதே ஊசியைப் போடுகிறார்கள். இங்கேயும் செய்யலாம். ஆனால் ராத்திரி 2 மணிக்கும் அந்தப் போனை எடுக்க ஆள் வேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவருக்கு 48 மணி நேர வேலை என்றால், அந்த ஒரு பணியிடத்துக்கே 4 பேர். மதுரையையும் பக்கத்து மாவட்டங்களையும் சேர்த்து இந்த 4 பேரைப் பகிர்ந்துகொண்டால் செலவு குறையும்.