நிழல் சொல்லும் சாட்சி

எங்கள் படாளத்தில் ஒரு மீட்டர் உயரக் கழியைச் சமதளத் தரையில் செங்குத்தாக நட்டுப் பாருங்கள். டிசம்பர் 22 வாக்கில் உச்சிவேளையில் அதன் நிழல் வடக்கே ஏறத்தாழ 73 சென்டிமீட்டர் நீளும். ஜூன் 21 வாக்கிலோ தெற்கே திரும்பி 19 சென்டிமீட்டராகச் சுருங்கும். படாளம் 12.6 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதே காரணம். எனவே, ஜூன் மாத நடுப்பகலில் இங்கே எடுத்ததாகக் காட்டப்படும் படத்தில் நிழல் வடக்கே விழுந்திருந்தால், துணிந்து பொய் என்னலாம்.

எவரும் பார்க்கக்கூடிய படங்களையும் வரைபடங்களையும் கொண்டு உண்மையைத் தேடும் பத்திரிகையாளர்களுக்கு இது ஒரு முக்கியக் கருவி. 2018 ஜூலையில் ஒரு வீடியோ பரவியது. சிப்பாய்கள் இரண்டு பெண்களையும் இரண்டு குழந்தைகளையும் சுட்டுக் கொல்லும் காட்சி அது. பொய்ச் செய்தி என்று காமரூன் அரசு தள்ளியது. பி.பி.சி. செய்தியாளர்கள் அதில் தெரிந்த மலைமுகட்டைச் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டு, இடம் காமரூனின் வடகோடி என்று காட்டினார்கள். காட்சியிலிருந்த கட்டடங்களைக் கொண்டு, காலம் 2014 நவம்பருக்கும் 2016 பிப்ரவரிக்கும் இடையில்தான் என்று கண்டார்கள். வறண்ட பருவத்தில் மட்டும் தெரியும் ஒரு பாதை காலத்தை மேலும் குறுக்கியது. கடைசியில் சிப்பாய்களின் நிழலிலிருந்து சூரியனின் கோணத்தைக் கணக்கிட்டார்கள். 2015 மார்ச் 20க்கும் ஏப்ரல் 5க்கும் இடையே என்று விடை வந்தது. 2020இல் நான்கு சிப்பாய்களுக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

என்னைக் கவர்ந்தது செயற்கைக்கோள் அல்ல. ஒரே தேதியைச் சொல்லாமல் 16 நாள் இடைவெளியைச் சொன்ன நேர்மைதான். பிழை வரம்பு எழுதாமல் விடையை மட்டும் எழுதும் என் மாணவர்கள் கவனிக்க! நிழலுக்கும் குறையுண்டு. படாளத்தில் சூரியன் ஏப்ரல் பிற்பாதியில் ஒரு நாளும், ஆகஸ்டு பிற்பாதியில் ஒரு நாளும் தலைக்கு நேரே வரும். இரண்டில் எது என்று நிழல் சொல்லாது. பாலாற்றில் நீர் ஓடுகிறதா, வயலில் என்ன பயிர் என்று வேறு சாட்சி தேட வேண்டும்.

தூரதேசத்துச் சங்கதி என்று எண்ணாதீர்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகச் சில வீடியோக்கள் பரவின. ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த சண்டை, மற்றொன்று கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்களின் சண்டை என்று மாநிலக் காவல்துறைத் தலைவரே விளக்க நேர்ந்தது. பீகார் அரசு விசாரிக்க அதிகாரிகள் குழுவை அனுப்பியது. பிழைக்க வந்தவர்கள் பட்ட பயத்துக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

இத்தகைய படம் உங்கள் கைக்கு வந்தால், கடைப் பலகையில் எந்த மொழி, வண்டி எண் எந்த மாநிலம், நிழல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஆனால் படத்திலிருக்கும் ஆளின் பெயரையும் வீட்டையும் துப்புத்துலக்கக் கிளம்பிவிடாதீர்கள். உங்கள் விடையின் பிழை வரம்பு ஓர் அப்பாவியின் தலையில் விழக்கூடும்.