நெருப்பு காத்திருக்குமா?

ஊரில் ஒரு வீடு தீப்பற்றி எரிகிறது. தீயணைப்பு நிலையத்தில் மணி அடிக்கிறது. அங்கே நிற்கும் வண்டியோ முப்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டது. அது கிளம்புமா என்பதே சந்தேகம். புதிய வண்டிக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. ஆனால் கைக்கு வர மூன்று ஆண்டு ஆகும் என்று கம்பெனி கூறி விட்டது.

இது ஏதோ ஏழை நாட்டின் கதையல்ல. செல்வத்தின் சிகரம் என்று புகழப்படும் அமெரிக்காவில், ஊர் ஊராக இன்று கேட்கும் புலம்பல் இது.

அந்நாட்டின் தீயணைப்போரில் ஏறக்குறைய மூவரில் இருவர் சம்பளமில்லாத் தொண்டர்கள். கடையிலோ வயலிலோ பாடுபட்டு, மணி ஓசை கேட்டதும் போட்டது போட்டபடி ஓடி வருகிறவர்கள். வண்டி வாங்குவதற்காக இவர்கள் விருந்து நடத்துகிறார்கள். பரிசுச் சீட்டு விற்கிறார்கள். அப்படியும் பணம் சேராத ஊர்களில், ராணுவம் கழித்துவிட்ட லாரியை வன இலாகா மூலம் இரவலாகப் பெற்று, அதன்மேல் தண்ணீர்த் தொட்டியை ஏற்றி ஓட்டுகிறார்கள்.

பழையதெல்லாம் கெட்டதல்ல. நல்ல மெக்கானிக்கின் கையில் பழைய பம்பும் கணீரென்று வேலை செய்யும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. 15 ஆண்டு தாண்டிய வண்டியை முன்வரிசையிலிருந்து விலக்கி இருப்பில் வைக்க வேண்டும், 25 ஆண்டு தாண்டியதை மாற்றிவிட வேண்டும் என்பது அந்நாட்டின் தேசிய தீத் தடுப்புச் சங்கத்தின் யோசனை. ஆயிரம் காலன் தண்ணீரின் எடை ஏறக்குறைய நாலு டன். தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் சரியாக இல்லாவிட்டால், வளைவில் திரும்பும்போது அந்த நாலு டன்னும் ஒரு பக்கம் பாய்ந்து வண்டியைக் கவிழ்த்துவிடும். நெருப்பை அணைக்கப் புறப்பட்டவன் வழியிலேயே உயிர் விடுவான்.

அப்படியானால் புதிய வண்டி ஏன் வாங்கவில்லை? அமெரிக்கத் தீயணைப்புத் தொழிலாளரின் சங்கம் 2025ல் சர்க்காருக்கு எழுதிய கடிதத்தில் இதற்கு விடை இருக்கிறது. பத்தாண்டுக்கு முன் சுமார் 5 லட்சம் டாலருக்குக் கிடைத்த பம்பு வண்டி இன்று 10 லட்சத்தை எட்டிவிட்டது. ஏணி வண்டி 20 லட்சம். ஓராண்டுக்குள் கிடைத்த வண்டிக்கு இரண்டு முதல் நான்கு ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. சந்தையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மூன்றே கம்பெனிகளின் பிடியில் இருப்பதே காரணம் என்று சங்கம் குற்றம் சாட்டுகிறது.

இந்தப் பிடி எப்படி ஏற்பட்டது? ஒரு முதலீட்டு நிறுவனம் 2008ல் ஈ-ஒன் என்ற வண்டிக் கம்பெனியை வாங்கியது. அதிலிருந்து வளர்ந்த ரெவ் குழுமம், 2016ல் கே.எம்.இ., 2017ல் பெராரா, 2020ல் ஸ்பார்ட்டன் என்று போட்டியாளர்களை ஒவ்வொன்றாக விழுங்கியது. பென்ஸில்வேனியாவின் நிலக்கரிப் பிரதேசத்தில் 1946ல் துவங்கிய கே.எம்.இ.யின் தொழிற்சாலை 2022ல் இழுத்து மூடப்பட்டது. வண்டி கிடைக்காமல் ஊர்கள் தவித்த காலத்தில், வண்டி செய்யத் தெரிந்த தொழிலாளர்கள் தெருவில் நிறுத்தப்பட்டார்கள்! 2024ல் தனது பஸ் கம்பெனியை விற்ற கையோடு, ரெவ் பங்கு ஒன்றுக்கு 3 டாலர் விசேஷ டிவிடெண்டு வழங்கியது. ஊர்கள் காத்திருந்தன, பங்குதாரர்கள் காத்திருக்கவில்லை.

கொள்ளை நோய்க் காலத்தில் உதிரிப் பாகங்களுக்கும் ஆட்களுக்கும் பஞ்சம் ஏற்பட்டது, ஆர்டர்களும் குவிந்தன என்கின்றன கம்பெனிகள். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் பஞ்ச காலத்தில் தொழிற்சாலையை மூடுவது எந்த நியாயம்?

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் பற்றி எரிந்தது. இரண்டு பெருந்தீயில் 16,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. அந்த நேரத்தில் அந்நகரத் தீயணைப்பு இலாகாவின் நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகள் பழுதாகிக் கிடந்தன. பழுது பார்க்க மெக்கானிக்குகள் போதவில்லை. அன்று வீசிய சூறைக்காற்றில் அத்தனை வண்டிகளும் ஓடியிருந்தாலும் தீ முழுவதும் அடங்கியிருக்கும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வீட்டை இழந்தவன் முன்னால் நின்று, வண்டிகள் கொட்டகையில் கிடந்தன என்று யார் சொல்வது?

மக்கள் சும்மா இருக்கவில்லை. விஸ்கான்ஸினில் உள்ள லா கிராஸ் நகரம் 2025 ஆகஸ்டில் இக்கம்பெனிகள் மீது வழக்குத் தொடுத்தது. செப்டம்பரில் செனட் கமிட்டி ஒன்று கம்பெனி அதிகாரிகளை அழைத்து விசாரித்தது. ஏகபோகத்தைத் தடுக்க அமெரிக்காவில் 1890லிருந்தே சட்டம் இருக்கிறது. இல்லாதது அதைப் பிரயோகிக்கும் உறுதிதான். அந்த உறுதியை ஏற்படுத்தத் தீயணைப்புத் தொழிலாளர் எடுத்துள்ள முயற்சியை நாம் மனமார வரவேற்கிறோம்.

தனியாரிடம் விட்டால் எல்லாம் மலிவாகவும் விரைவாகவும் கிடைக்கும் என்று நமக்கு உபதேசம் செய்வோர் இந்தக் கதையைப் படிக்கட்டும். தீயணைப்பு வண்டி ஆடம்பரச் சரக்கல்ல. வாங்காமல் இருக்க எந்த ஊராலும் முடியாது. அது தெரிந்தே விலை வைக்கிறார்கள். ஆகவே, அதன் உற்பத்தி மக்களின் கண்காணிப்புக்குள் வரவேண்டும்; விழுங்கப்பட்ட தொழிற்சாலைகள் பிரிக்கப்பட வேண்டும்; மூடியவை திறக்கப்பட வேண்டும். லாபக் கணக்கு முடியும் வரை நெருப்பு காத்திருக்காது.