கை மேலே எழாதபோது

மதுரை நகரின் எந்தப் பரோட்டாக் கடை முன்னும் மாலை வேளையில் சற்று நின்று பாருங்கள். மாவை அடித்து, வீசி, மீண்டும் அடிக்கும் மாஸ்டரின் கை நள்ளிரவு வரை ஓய்வதில்லை. செல்லூர்ப் பக்கம் தறியில் அமர்ந்திருப்பவர் நாள் முழுதும் நாடாக் கயிற்றை இழுக்கின்றார். சித்தாள் வேலைக்குச் செல்லும் பெண், சாந்துச் சட்டியைத் தலைக்கு மேலே தூக்கிச் சாரத்தில் நிற்பவரிடம் கொடுக்கின்றாள். பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் முன்னர் சுவருக்கு வண்ணம் பூசுவோர் கையை இறக்குவதே அரிது. இவர்களுள் நாற்பதைக் கடந்தோரைக் கேட்டால், பலரும் சொல்வது ஒன்றே: "தோள்பட்டையிலே குடைச்சல், சாமி."

வீடுகளைச் சந்திக்கச் செல்லுமிடத்துத் தாய்மாரிடமும் இம்முறையீட்டையே கேட்கின்றோம். மகளுக்குத் தலை பின்ன, கொடியில் துணி போட, பரணிலிருந்து பாத்திரம் எடுக்க, நகரப் பேருந்தில் மேற்கம்பியைப் பிடிக்க இயலவில்லை என்பர். இரவில் அப்பக்கம் திரும்பிப் படுக்கவும் முடியாது. ஆயினும் மாதக்கணக்கில் வாய் திறவார். திறந்த பின்னரோ, எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவுவது ஒரு வழி. கையைத் துணியில் தொட்டில் கட்டி வாரக்கணக்கில் அசையாது வைப்பது மற்றொரு வழி. கடன் வாங்கியாவது அறுவைக்கு ஓடுவது மூன்றாம் வழி. இம்மூன்றுக்கும் முன்னே நிற்க வேண்டிய வழி ஒன்று உண்டு. அதற்குச் செலவு மிகக் குறைவு. அதையே இத்திங்கள் எழுதுகின்றோம்.

தோள் மூட்டின் அமைப்பு வியப்புக்குரியது. இடுப்பு மூட்டில் எலும்பின் உருண்டை ஆழமான கிண்ணத்தில் அமர்ந்திருக்கின்றது. தோளிலோ கிண்ணம் ஆழமற்றது; சிறு தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் போலவே உருண்டை நிற்கின்றது. கை எத்திசையும் சுழல்வது இதனாலேயே. பழம் தட்டிலிருந்து நழுவாமல் காப்பவை நான்கு தசைகள். இவற்றை மருத்துவர் 'ரொட்டேட்டர் கஃப்' என்பர். நாம் சுழற்றுத் தசைகள் என்போம். இவற்றுள் மேலே உள்ளதன் நாண், தோளின் எலும்புக் கூரைக்கு அடியில் ஓர் இடுக்கு வழியே செல்கின்றது. கையை உயர்த்துகையில் வலி தோன்றுவது பெரும்பாலும் இவ்விடத்திலேயே.

கூரை எலும்பு உரசுவதால் நாண் தேய்கின்றது. ஆதலின் எலும்பைச் சீவிவிட வேண்டும் என்ற கருத்தை 1972இல் நியூயார்க் அறுவை மருத்துவர் சார்லஸ் நீர் பரப்பினார். பல்லாண்டுகள் அதுவே உலகெங்கும் வழக்காயிற்று. 2018இல் இங்கிலாந்தில் 32 மருத்துவமனைகளில் 313 நோயாளரைக் கொண்டு நடந்த ஆய்வு வெளிவந்தது. சிலருக்கு எலும்பைச் சீவினர். சிலருக்குக் கருவியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சீவாமலே மூடினர். இவ்விரு சாராரும் அடைந்த குணம் ஏறத்தாழ ஒன்றே! 2021இல் அந்நாட்டிலேயே 708 பேரைக் கொண்டு வேறோர் ஆய்வு வெளிவந்தது. இயன்முறை மருத்துவரை ஆறு முறை வரை கண்டவர்களையும், ஒரே முறை கண்டு நன்கு கற்றுக்கொண்டு வீட்டில் பயிற்சி செய்தவர்களையும் ஓராண்டு ஒப்பிட்டனர். வேறுபாடு இல்லை. தோளில் போடும் ஸ்டீராய்டு ஊசியும் முதற்சில வாரங்களுக்கு அப்பால் கூடுதல் பயன் தரவில்லை.

இவ்வாய்வு நம் ஊர்களுக்கென்றே நடந்தது போல் நமக்குத் தோன்றுகின்றது. உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மதுரைக்கு வாரந்தோறும் வர எத்தனை பேரால் இயலும்? ஒரு நாள் வந்து, பொறுமையாகக் கேட்டுக் கற்றுச் செல்ல இயலும். அரசு இராசாசி மருத்துவமனையிலும் இயன்முறை மருத்துவம் உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீடு தேடி வரும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. உங்கள் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கேட்டறியுங்கள்.

அங்கே கற்பிக்கப்படுவன பெரும்பாலும் எளியவை. முதலாவது ஊசல். நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, நோயுற்ற கையைத் தளர்வாகத் தொங்கவிட்டுச் சிறு வட்டமாக ஆட்டுவது. பாஸ்டன் நகர மருத்துவர் காட்மன் பெயரால் இன்றும் வழங்குவது இது. அடுத்து, முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி, இடையில் மடித்த துண்டொன்றை வைத்து, புறங்கையால் சுவரை மெல்ல அழுத்துவது; ஐந்து எண்ணும் வரை, பத்துத் தடவை. கை நகராது; தசை மட்டும் வேலை செய்யும். சில வாரங்கள் சென்றபின், சன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி, அதே நிலையில் முன்கையை வெளிப்புறமாக இழுத்து, மெதுவாகத் திரும்ப விடுவது. பழைய சைக்கிள் டியூபைக் கீறிய பட்டையும் இதற்குப் போதும். கடையில் வாங்கினால்தான் குணமாகும் என்பதில்லை. தோள்பட்டை எலும்புகளைப் பின்னோக்கிச் சேர்ப்பதும், விரல்களால் சுவரில் ஏறுவதும் உடன் நடக்கலாம். இறுதியாக, அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைக் கட்டைவிரல் மேல் நோக்கப் பிடித்து, பக்கவாட்டுக்கும் முன்புறத்துக்கும் நடுவான திசையில் தோளுயரம் வரை தூக்குவது.

வலிக்கின்றதே, நிறுத்திவிடலாமா என்று கேட்பார்கள். பயிற்சியின்போது சிறிது வலித்து, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் அஞ்ச வேண்டாம். இரவெல்லாம் வலித்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், பயிற்சியை விட்டுவிடாதீர்கள். தசைநாண் வலுப்பெறுவது மெதுவாகவே. பன்னிரண்டு வாரமாவது வேண்டும். நான்காம் வாரத்தில் சலித்து விட்டுவிடுவோரே மிகுதி. இரவில் மறுபக்கம் படுத்து, நோயுற்ற கைக்கு ஒரு தலையணை கொடுங்கள்.

எல்லாத் தோள்வலிக்கும் இவை பொருந்தா. பிறர் உங்கள் கையைத் தூக்கினாலும் எழவில்லை எனின் அது உறைதோள்; சர்க்கரை நோயாளரிடம் மிகுதியாகக் காண்பது; அதற்கான வழி வேறு. கீழே விழுந்த பின்னர்த் திடீரெனக் கை எழவில்லை எனின் நாண் அறுந்திருக்கலாம். தாமதியாது எலும்பு மருத்துவரைக் காணுங்கள். அங்கே அறுவையே தக்கதாகவும் இருக்கலாம். காய்ச்சலோடு மூட்டு வீங்கினாலும் காத்திராதீர்கள். இடத் தோளில் வலியும், நெஞ்சில் இறுக்கமும், வியர்வையும் ஒருங்கே வந்தால் அது தோளைப் பற்றியதே அன்று, 108க்கு அழையுங்கள்.

பயிற்சி ஒருபுறமிருக்க, தோளை வருத்திய வேலை அப்படியே தொடர்ந்தால் குணம் தள்ளிப்போகும். கூலிக்காரருக்கு ஓய்வெடு என்று சொல்லிவிட்டு வருவது எளிது. அடுப்பு எரிய வேண்டுமே. வேலையை விடாமல் மாற்றிக்கொள்ளலாம். வண்ணம் பூசுவோர் உருளையை நீண்ட கழியில் பொருத்தினால் கை தோளுக்குக் கீழேயே நிற்கும். சாந்துச் சட்டியைப் பாதியளவே நிரப்ப மேஸ்திரி ஒப்பினால் போதும். ஒப்பாத மேஸ்திரிமாரும் உளர், அவர்களிடம் பேச வேண்டியது வீட்டுக்காரரே. வீட்டிலோ நிலை இன்னும் எளிது. அன்றாடம் எடுக்கும் டப்பாக்களைப் பரணிலிருந்து இறக்கி இடுப்புயரத்தில் வையுங்கள். தண்ணீர்க் குடத்தைப் பிள்ளைகள் தூக்கட்டும். இப்பன்னிரண்டு வாரமும் கொடியில் துணி உலர்த்துவது அப்பாவின் வேலை என்று இன்றிரவு உணவின்போதே முடிவு செய்துவிடலாம்.