எல்லாம் கேஸ்தான்! (யார் சொன்னது?)

மயிலாப்பூரில் வயிற்றில் எது வந்தாலும் ஒரே பெயர்தான்: "கேஸ்". எங்கள் பெரியப்பா எட்டு மாதம் அந்தப் பெயரோடுதான் இருந்தார். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரை, இஞ்சி மரப்பா, ஓம வாட்டர். வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியபோதும் "டயட்டுடா" என்று சிரித்தார். கடைசியில் எண்டோஸ்கோபி செய்தால், இரைப்பையின் மேல்பகுதியில் குழி விழுந்த புண். பயாப்ஸியில் புற்றுநோய்.

நடுவில் ஒரு மாஸ்டர் ஹெல்த் செக்கப்பும் நடந்தது மக்களே. ஹீமோகுளோபின் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதினார்கள். ரத்தம் எங்கே போகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அதுதான் என் கோபம்.

அப்புறம் ஒரு சொந்தக்காரர், "இது வைரஸாலயும் வருமாமே, ரத்தத்துல டெஸ்ட் பண்ணிடலாம்" என்றார். பாதி சரி. 1964ல் கண்டறியப்பட்ட எப்ஸ்டீன்-பார் வைரஸ், உலகின் இரைப்பைப் புற்றுநோய்களில் சுமார் பத்தில் ஒன்றில் இருக்கிறது. ஆனால் பெரியவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் இந்த வைரஸைச் சுமப்பவர்கள்தான். ஆன்டிபாடி பார்த்தால் ரங்கநாதன் தெருக் கூட்டமே பாசிட்டிவ்! அதை வைத்துப் புற்றுநோயைச் சொல்ல முடியாது.

கேமராவிலும் வைரஸ் தெரியாது. எண்டோஸ்கோபி இடத்தைக் காட்டும், சதையைக் கிள்ளித் தரும் (ஒரு துண்டு போதாது, ஆறாவது வேண்டும்). இந்த வகையில் புற்றுச் செல்களுக்கு நடுவே லிம்போசைட்டுகள் மொய்த்திருப்பதை பேதாலஜிஸ்ட் பார்ப்பார். பிறகு 'ஈபர்' சோதனை: வைரஸின் குட்டி ஆர்.என்.ஏ.வைத் தேடி நிறமேற்றுவார்கள். புற்றுச் செல்லின் உட்கருவில் நிறம் ஏறினால் சந்தேகமே இல்லை.

"தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்பவர்களுக்கு: 2014ல் இரைப்பைப் புற்றுநோயை மூலக்கூறு அளவில் நான்காகப் பிரித்தபோது இது தனி வகையானது. இம்யூனோதெரபி பலன் தரும் வாய்ப்பு இதில் கூடுதல். விலை பயங்கரம், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக ரிப்போர்ட்டில் வெறும் "அடினோகார்சினோமா" என்று ஒரு வார்த்தையோடு முடித்துக்கொள்ளலாமா?

1954ல் தொடங்கிய அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் நடத்தும் சென்னைப் பதிவேடு, நம்ம ஊர் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரைப்பை முன்வரிசை என்று 1980களிலிருந்தே சொல்லி வந்தது. நாம்தான் "கேஸ்" என்கிறோம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை புற்றுப்புண்ணைக்கூடக் கொஞ்ச நாள் ஆறியது போலக் காட்டிவிடும்.

எடை குறைகிறதா? விழுங்கச் சிரமமா? ஓயாத வாந்தியா? மலம் கறுப்பா? ரத்தசோகையா? வீட்டில் யாருக்காவது இருந்தால் அடுத்த பட்டை மாத்திரை வாங்காதீர்கள், எண்டோஸ்கோபிக்குக் கூட்டிப் போங்கள்.

பெரியப்பாவுக்கு ஈபர் நெகட்டிவ். சரி, அதுவாவது நிச்சயமாகத் தெரிந்தது. அந்த எட்டு மாதம்தான் திரும்பி வராது.